சொன்ன பிள்ளையைக் கைவிடலாமா?

பிள்ளை ஒன்று தனக்கு நேர்ந்த கொடுமையை வாய் திறந்து சொல்லுகின்றது. பெற்றோரிடம் சொல்ல இயலாததை வகுப்பாசிரியையிடம் சொல்லுகின்றது. வைத்தியசாலைத் தாதியிடம் சொல்லுகின்றது. அயல்வீட்டு அக்காவிடமோ, விளையாட்டுப் பயிற்றுநரிடமோ, அறநெறி வகுப்பு நடத்துபவரிடமோ சொல்லுகின்றது. பல நாள் எண்ணிப் பார்த்து, பல முறை வாயெடுத்து அடக்கி, இவர் என்னை நம்புவார் என்று ஒருவரைத் தெரிந்தெடுத்தே அது சொல்லுகின்றது. அதன் பின்னர் நடப்பது என்ன?

கேட்டவர் திகைக்கின்றார். அதிபரிடம் சொல்லலாமா, தாயை அழைத்துப் பேசலாமா என்று யோசிக்கின்றார். பொலிசுக்குப் போனால் ஊர் என்ன சொல்லும், தமக்கு இடமாற்றம் வந்துவிடுமா என்று அஞ்சுகின்றார். இவ்வாறு ஒரு கிழமை கழிகின்றது. அந்தக் கிழமை முழுவதும் பிள்ளை அதே வீட்டிலேதான் இரவிலே படுத்துறங்குகின்றது.

இந்தத் தயக்கத்தை முடிவுக்குக் கொண்டுவருதல் வேண்டும் என்பதே நமது கருத்து. அதற்கு இரண்டு காரியங்கள் நடந்தாக வேண்டும். பிள்ளை சொல்லக் கேட்ட பொறுப்பாளர் அதனை உரிய அதிகாரிக்கு அறிவிப்பது, அவருடைய துணிவுக்கும் விருப்பத்துக்கும் விடப்படாமல், சட்டக் கடமையாக்கப்படல் வேண்டும். அக்கடமையை மக்கள்மீது சுமத்தும் அரசு, அறிவிக்கப்பட்ட பிள்ளையைக் காக்கும் தகுதியைத் தானும் அடைதல் வேண்டும். முதலாவதை மட்டும் செய்து இரண்டாவதை விட்டுவிட்டால், பிள்ளையை ஒரு கொடுமையிலிருந்து எடுத்து மற்றொன்றிலே போட்டவர்களாவோம்.

மானம் யாருக்கு?

நம்மவரிடையே இவ்விடயம் பேசப்படும்போதெல்லாம் முதலிலே எழும் சொல் ‘மானம்’ என்பதாகும். வெளியிலே தெரிந்தால் குடும்பத்தின் மானம் போய்விடும், பெண்பிள்ளையாயின் நாளைக்குக் கலியாணம் நடவாது, பாடசாலையின் பெயர் கெடும், கோயிலுக்கு இழுக்கு, சங்கத்துக்கு அவமானம். இவ்வாறு சொல்லிப் பெரியவர்கள் கூடுகின்றார்கள். குற்றஞ் செய்தவனைக் கண்டித்து, சில வேளைகளிலே காசும் வாங்கிக் கொடுத்து, அவனை ஊரைவிட்டுச் சிலகாலம் விலகியிருக்கச் சொல்லி, காரியம் முடிந்தது என்று கலைகின்றார்கள். இன்னும் கொடிய இடங்களிலே, கெடுத்தவனுக்கே அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொடுத்து மானத்தைக் காப்பாற்றியதாகப் பெருமை கொள்வாரும் உண்டு.

நாம் கேட்கின்றோம்: இதிலே மானம் இழந்தவர் யார்? களவு கொடுத்தவன் வெட்கப்படுவதில்லை. களவெடுத்தவனே வெட்கப்பட வேண்டியவன். பயிரை மேய்ந்த மாட்டுக்காரன் தலைநிமிர்ந்து திரிய, பயிரை இழந்த கமக்காரன் முக்காடிட்டு நடப்பதை எந்த ஊர் நியாயம் என்று ஒத்துக்கொள்ளும்? பிள்ளை விடயத்தில் மட்டும் நியாயம் தலைகீழாகி நிற்பது ஏன்?

பாரதூரமான பாலியற் குற்றங்கள் ஊரவர் கூடித் தீர்த்து வைக்கக்கூடிய வேலி வழக்குகள் அல்ல. ஓரிடத்தில் மூடி மறைக்கப்பட்டவன் மற்றோர் இடத்துக்குப் போகின்றான். ஒரு பாடசாலையிலிருந்து சந்தடியின்றி அகற்றப்பட்டவன் வேறொரு பாடசாலையிலே, தன் கதை தெரியாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு நடுவே போய் அமர்கின்றான். நமது பாடசாலையின் பெயரைக் காப்பாற்றிய பெருமைக்கு அடுத்த ஊர்ப் பிள்ளை விலை கொடுக்கின்றது. அவுஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நிறுவனங்களில் நடந்த சிறுவர் பாலியற் கொடுமைகளை விசாரித்த அரச ஆணைக்குழுவின் முன்னிலையிலே வெளிவந்ததும் இதுவே. பாடசாலைகளும், சமய நிறுவனங்களும், சிறுவர் இல்லங்களும் தத்தம் பெயரைக் காக்கப் போய்ப் பிள்ளைகளைக் கைவிட்டமை அங்கு அம்பலமாயிற்று.

சட்டம் எதுவரை வருகின்றது?

இலங்கையிலே பிள்ளைகளுக்கெனச் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் 1939 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 1991 ஆம் ஆண்டிலே ஏற்று உறுதிசெய்தது. அச்சமவாயத்தின் 19 ஆம் உறுப்புரை, பிள்ளைக்கு நேரும் கொடுமையைக் கண்டறிதல், அறிவித்தல், விசாரித்தல், சிகிச்சையளித்தல் ஆகியவற்றுக்கு நாடுகள் ஒழுங்கு செய்தல் வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகின்றது. 1995 ஆம் ஆண்டிலே தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, சிறுவர்மீதான கொடுமை, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம், முறைதகாப் புணர்ச்சி என்பன தனிக் குற்றங்களாக்கப்பட்டன. அதுவரை 12 ஆக இருந்த பெண்பிள்ளையின் சம்மத வயது 16 ஆக உயர்த்தப்பட்டதும் அத்திருத்தத்தினாலேயாகும். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தினாலே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவாயிற்று. அச்சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரத்திலும் கட்டணமின்றி முறைப்பாடு செய்யலாம்.

முறைப்பாடு செய்யலாம் என்பது வேறு; செய்தேயாக வேண்டும் என்பது வேறு. 2006 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இருவகையாருக்கு அறிவிக்கும் கடமையை விதித்தது. கணினிச் சேவை வழங்குபவர், அச்சேவை சிறுவர் பாலியற் கொடுமைக்குப் பயன்படுவதை அறிந்தால் பொலிசுக்கு அறிவித்தல் வேண்டும். ஒரு கட்டடத்தையோ வளவையோ பொறுப்பிலே வைத்திருப்பவர், அவ்விடம் பிள்ளைக்குக் கொடுமை செய்யப் பயன்படுவதை அறிந்தால் அண்மையிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

இவை நல்ல விதிகளே. ஆயினும் இவை இடத்தைப் பற்றியும் கருவியைப் பற்றியும் பேசுகின்றன. பிள்ளை சொன்ன சொல்லைப் பற்றிப் பேசவில்லை. பாடசாலை வளவினுள்ளே குற்றம் நடந்தால் அதிபரை இவ்விதி கட்டும். ஆனால், வீட்டிலே மாமன் செய்ததையோ, ரியூசன் கொட்டிலிலே நடந்ததையோ, வகுப்பறை மூலையிலே நின்று பிள்ளை சொல்லக் கேட்ட ஆசிரியை செய்ய வேண்டியது என்ன என்று இவ்விதிகள் கூறவில்லை. சுற்றறிக்கை வரலாம், பயிற்சி வகுப்பு நடக்கலாம்; சட்டத்தின் கட்டளைக்கு அவை ஈடாகமாட்டா.

அறிவிப்பதைச் சட்டக் கடமையாக்குவது ஆசிரியர்மீது பாரத்தை ஏற்றுவது போலத் தோன்றும். உண்மையிலே அது அவருடைய பாரத்தை இறக்குகின்றது. இன்று பொலிசுக்குச் சொல்லும் ஆசிரியையைப் பார்த்து, “உனக்கேன் இந்த வேலை?” என்று ஊர் கேட்கின்றது. நாளை, “இது நான் விரும்பிச் செய்தது அன்று, செய்யாவிட்டால் சட்டம் என்னைப் பிடிக்கும்” என்று அவர் பதில் சொல்லலாம். துணிவுள்ளவர் நூற்றில் ஒருவராயினும், கடமைப்பட்டவர் நூறு பேராகவும் இருப்பர்.

அயலாரிடம் கற்க வேண்டியவை

இவ்வழியிலே நமக்கு முன் நடந்தவர்கள் உண்டு. அமெரிக்க வைத்தியர் ஹென்றி கெம்ப் என்பவரும் அவருடைய தோழர்களும், பெற்றோராலேயே அடித்து நொறுக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி 1962 ஆம் ஆண்டிலே ஒரு வைத்தியக் கட்டுரை வெளியிட்டனர். தவறி விழுந்ததால் முறிந்தது என்று தாய் தந்தையர் சொன்ன எலும்புகளை எக்ஸ் கதிர்ப் படங்கள் வேறு கதை சொல்ல வைத்தன. அதன் பின்னர் ஐந்தாண்டுகளுக்குள், 1967 அளவிலே, அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் அறிவிக்கும் கடமை சட்டமாயிற்று. ஆங்கு நேர்ந்த தீமையையும் நாம் மறைத்தல் கூடாது. முறைப்பாடுகள் பெருகி அதிகாரிகள் திணறினர். வறுமையையே புறக்கணிப்பு என்று கணித்து, ஏழைகளின் வீடுகளிலிருந்து பிள்ளைகளைப் பிரித்த கதைகளும் உண்டு. வெங்காயம் நடப் போன தாய், கைக்குழந்தையை எட்டு வயது மூத்தவளிடம் விட்டுச் செல்வது ஏழ்மை. அது கொடுமை அன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாத சட்டம் கமக்காரக் குடிகளுக்குப் பகையாகிவிடும்.

இந்தியா 2012 ஆம் ஆண்டிலே, பாலியற் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தை இயற்றியது. அதன் 19 ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமல்லாது, நடக்கக்கூடும் என்று ஐயுறுபவரும் அறிவித்தல் வேண்டும். அறிவிக்கத் தவறினால் ஆறு மாதம்வரை சிறை உண்டு. தமக்குக் கீழ்ப்பட்டவர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டுவரை உண்டு. நல்லெண்ணத்துடன் அறிவித்தவர்மீது வழக்குத் தொடர முடியாது. பிள்ளையின் வாக்குமூலத்தைப் பொலிஸ் சீருடை இல்லாமலே பதிதல் வேண்டும்; பிள்ளையை இரவிலே பொலிஸ் நிலையத்தில் வைத்திருத்தல் ஆகாது; பிள்ளைக்கு விளங்காத மொழியிலே எழுதப்படுமாயின் மொழிபெயர்ப்பாளரை அமர்த்துதல் வேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் விதிக்கின்றது.

ஆயினும் அங்கும் ஓர் இடர் எழுந்தது. 18 வயதுக்குட்பட்ட பெண் கருவுற்று வைத்தியரிடம் போனால், அவர் பொலிசுக்குச் சொல்லியேயாக வேண்டும். அதற்கு அஞ்சிய பெண்கள் வைத்தியசாலையையே தவிர்க்கும் நிலை உண்டாயிற்று. ஆகவே 2022 ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே இந்திய உயர் நீதிமன்றம், கருக்கலைப்பு நாடி வரும் பெண்பிள்ளையும் அவளது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், வைத்தியர் தமது அறிவிப்பிலே அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று தீர்த்தது. அறிவிக்கும் கடமை பிள்ளையைச் சிகிச்சையிலிருந்து துரத்தும் தடியாகிவிடலாகாது என்பதே இதிலே நாம் கற்கும் பாடம்.

கேட்பவர் செய்ய வேண்டியது

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை நாளைக்கே சொல்லக்கூடும். அப்போது என்ன செய்வது?

“ஒருவருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ ரீச்சர்” என்று பிள்ளை கேட்கும். அந்தச் சத்தியத்தைச் செய்தலாகாது. செய்துவிட்டு மீறினால், பெரியவர்கள் எல்லாரும் ஏமாற்றுவோரே என்று பிள்ளை முடிவு செய்யும். செய்துவிட்டுக் காத்தால், கொடியவனுக்கே காவல் நின்றதாகும். “நீ சொல்வதை ஊரெல்லாம் சொல்லமாட்டேன், ஆனால் உன்னைக் காப்பாற்றக் கூடியவர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டி வரும், யாருக்குச் சொல்லப் போகிறேன் என்பதை முதலில் உனக்குச் சொல்வேன்” என்று உண்மையை உரைத்தல் வேண்டும். இதைக் கேட்டுச் சில பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடலாம். அவர்களை வற்புறுத்தாது, கதவைத் திறந்து வைத்திருத்தல் வேண்டும். அந்நேர மௌனத்துக்கு அஞ்சிப் பொய் வாக்குக் கொடுத்தலாகாது.

குறுக்கு விசாரணை செய்தல் ஆசிரியரின் தொழில் அன்று. எத்தனை முறை, எந்த இடம், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று துருவித் துருவிக் கேட்பது பிள்ளையை வருத்துவதோடு, பின்னர் நீதிமன்றத்திலே அதன் சாட்சியத்தையும் பழுதாக்கும். பிள்ளை சொன்னவற்றை அதன் சொற்களிலேயே அன்றைக்கே எழுதி, திகதியிட்டு வைத்தலே போதும். “உன்னிலே பிழையில்லை, சொன்னது நல்ல காரியம்” என்ற இரண்டு வசனங்களை மறவாது சொல்லுதல் வேண்டும். குற்றஞ் சாட்டப்பட்டவனை அழைத்துத் தாமாக விசாரித்தலாகாது. அது அவனுக்கு முன்னெச்சரிக்கை கொடுத்ததாக முடியும். அவன் அவ்வீட்டிலேயே வாழ்பவனாயின், பிள்ளையை அன்று மாலை எங்கே அனுப்புவது என்பதே முதற் கேள்வியாகும்.

“உண்மைதானா என்று உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது?” என்று கேட்பார் உளர். குளத்தை நம்பிப் பயிர் செய்யும் நமது கமக்காரரிடம் இதற்கு விடை உண்டு. குளக்கட்டிலே கசிவைக் கண்டவன், கட்டு உடையுமென்று நிரூபித்த பின்னரா ஊரைக் கூப்பிடுகின்றான்? கண்டது கசிவு என்று சொல்லுவது அவன் கடமை. அது எலி வளையா, வெடிப்பா என்று பார்த்துத் தீர்மானிப்பது நீர்ப்பாசன உத்தியோகத்தரின் வேலை. பொய்யென்று தெரிந்தே கூவியவனைத் தண்டிக்கலாம். ஐயுற்றுக் கூவியவனைத் தண்டித்தால், அடுத்த மாரியிலே எவனும் வாய் திறக்கமாட்டான். அறிவித்தல் என்பது தீர்ப்பன்று. குற்றஞ் சாட்டப்பட்டவருக்கும் தம்மைக் காத்துக்கொள்ள நீதிமன்றம் உண்டு. ஊர்வாய் அவரைத் தீர்த்துக் கட்டுவதைவிட, முறையான விசாரணையே அவருக்கும் நன்மையானது.

தமிழிலே சொன்னதைத் தமிழிலே எழுதுக

இனி அரசின் கடமைக்கு வருவோம். ஆசிரியர் அறிவித்துவிட்டார். பிள்ளை பொலிஸ் நிலையத்துக்குப் போகின்றது. அங்கே தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் இல்லையென்றால் என்ன நடக்கும்? தமிழிலே, அதுவும் தன் ஊர் வழக்கிலே, அழுகையினூடே பிள்ளை சொல்வதை, அரைகுறையாக விளங்கிக்கொண்ட ஒருவர் வேற்று மொழியிலே எழுதுவார். தனக்கு விளங்காத அந்தக் கடதாசியிலே பிள்ளையின் பக்கத்தார் கையொப்பம் வைப்பர். ஆண்டுகள் கழிந்து வழக்கு வரும்போது, “அன்று ஒன்று சொன்னாய், இன்று வேறொன்று சொல்கிறாய்” என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதே கடதாசியைத் தூக்கிக் காட்டுவார்.

இது நமது கற்பனையிலே பிறந்த அச்சமன்று. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 ஆம் ஆண்டிலே வெளியிட்ட அறிக்கையிலே, பொலிஸ் நிலையங்களில் இருமொழி உத்தியோகத்தர் 24 மணி நேரமும் இருத்தல் வேண்டும் என்றும், முறைப்பாட்டாளர் தாம் விரும்பும் மொழியிலே வாக்குமூலம் எழுதுவிக்க உரிமையுடையவர் என்றும் விதந்துரைத்தது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அரசியலமைப்பிலே எழுதப்பட்ட மொழியுரிமையின் உண்மையான சோதனை, பெயர்ப்பலகைகளில் அன்று, இத்தகைய பிள்ளையின் வாக்குமூலத்திலேயே நடைபெறுகின்றது.

பிள்ளை ஒரே கதையை எத்தனை பேருக்குச் சொல்வது என்பது அடுத்த கேள்வி. ஆசிரியர், அதிபர், பொலிசார், சட்ட வைத்திய அதிகாரி, நன்னடத்தை உத்தியோகத்தர், நீதவான், பின்னர் மேல் நீதிமன்றம் என்று ஒவ்வொரு படியிலும் புண்ணைக் கீறிக் காட்ட வேண்டியிருக்கின்றது. இதனைக் குறைப்பதற்கென்றே 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. பிள்ளையிடம் முதலிலே பெறப்படும் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றத்திலே சான்றாகக் காட்ட அது வழி செய்தது. கருவியும், தமிழறிந்த பயிற்சி பெற்ற உத்தியோகத்தரும் ஒவ்வொரு மாவட்டத்திலும் இல்லாவிடின், ஏட்டிலுள்ள சட்டம் பிள்ளைக்கு எவ்வாறு பயன்படும்?

வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடுவதையும் நாம் கண்டிக்கின்றோம். 13 வயதிலே முறையிட்டவள், கலியாணம் முடித்துக் கைக்குழந்தையோடு சாட்சிக் கூண்டிலே ஏறுவதை நீதி என்று எவர் சொல்வார்? அவ்வளவு காலமும் எதிரி பிணையிலே அதே ஒழுங்கையால் போய் வருகின்றான். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் சட்டம் 2015 ஆம் ஆண்டிலே வந்தது. 2023 ஆம் ஆண்டிலே அதற்குப் பதிலாகப் புதுச் சட்டமும் வந்தது. அதன் காப்பு வன்னியின் கடைக்கோடிக் கிராமத்துக்கும், மட்டக்களப்பின் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும், மலையகத்து லயன் வீட்டுக்கும் போய்ச் சேருதல் வேண்டும்.

பத்திரிகைக்காரருக்கும் இங்கு கடமை உண்டு. பாலியற் குற்றத்துக்கு ஆளானவரை அடையாளங் காட்டும் எதனையும் வெளியிடுவதைத் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாக்கியுள்ளது. பெயரை மறைத்துவிட்டு ஊரையும், பாடசாலையையும், தகப்பனின் தொழிலையும் எழுதுவது பெயரை எழுதுவதற்கு ஒப்பாகும். முகநூலிலே படம் போட்டு நீதி கேட்பவர்களும் இதனை நினைவிற் கொள்ளல் நன்று. அவர்கள் தேடிக் கொடுக்கும் ஆத்திரம் இரண்டு நாளிலே ஆறிவிடும். அந்தப் படம் பிள்ளையின் ஆயுள் முழுவதும் பின்தொடரும்.

நாம் கேட்பவை

பாராளுமன்றத்திலே நமது மக்களின் பெயரால் அமர்ந்திருப்போர், கட்சி வேறுபாடின்றி, பின்வருவனவற்றைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

முதலாவது: ஆசிரியர், வைத்தியர், தாதியர், கிராம உத்தியோகத்தர், சிறுவர் இல்லப் பொறுப்பாளர், மதகுருமார், தனியார் வகுப்பு நடத்துவோர் ஆகியோருக்கு அறிவிக்கும் கடமையை விதிக்கும் தெளிவான சட்டம். சட்டத்தரணிக்கும் அவருடைய கட்சிக்காரருக்கும் இடையிலான இரகசியம் அதிலிருந்து நீக்கப்படலாம்.

இரண்டாவது: நல்லெண்ணத்துடன் அறிவித்தவருக்கு வழக்கிலிருந்தும், பழிவாங்கும் இடமாற்றத்திலிருந்தும் காப்பு, மறைக்கும்படி பணித்த மேலதிகாரிக்குக் கூடிய தண்டனை.

மூன்றாவது: சிகிச்சை முன்னே, விசாரணை பின்னே என்னும் விதி. வைத்தியசாலையை நாடி வந்த எந்தப் பிள்ளையும் பொலிசுக்கு அஞ்சித் திரும்பிப் போகலாகாது. ஒத்த வயதினரின் நட்பையும், வளர்ந்தவனின் சுரண்டலையும் சட்டம் வேறு வேறாகப் பார்த்தல் வேண்டும்.

நான்காவது: தமிழ் பேசும் மாவட்டங்களின் பொலிஸ் நிலையங்களிலுள்ள சிறுவர், பெண்கள் பணியகம் ஒவ்வொன்றிலும் இரவு பகலாகத் தமிழறிந்த பெண் உத்தியோகத்தர், 1929 இலக்கத்தை அழைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு முதற் சொல்லிலிருந்தே தமிழிலே பதில்.

ஐந்தாவது: வழக்குக்குக் கால எல்லையும், அதுவரை பிள்ளை அச்சமின்றி வாழவும் படிக்கவும் ஓர் இடமும். பிள்ளையை வீட்டிலிருந்து பெயர்த்து இல்லத்தில் அடைப்பது கடைசி வழியாகவே இருத்தல் வேண்டும். முதலிலே அகற்றப்பட வேண்டியவன் குற்றஞ் சாட்டப்பட்டவனே.

இவற்றுக்குப் பணம் வேண்டும் என்பர். வேண்டும்தான். ஆனால், காசில்லாமலே செய்யக்கூடிய ஒன்றை நமது மக்களிடமே கேட்கின்றோம். ஆசிரியர் சங்கங்களும், கமக்காரர் அமைப்புகளும், மாதர் சங்கங்களும், ஆலய பரிபாலன சபைகளும் தத்தம் அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் நிறைவேற்றட்டும்: ‘நமது வட்டாரத்திலே பிள்ளைக்குச் செய்யப்பட்ட கொடுமையை நாம் கூடிப் பேசித் தீர்க்கமாட்டோம், உரிய இடத்துக்கு அறிவிப்போம், அறிவித்தவரோடு நிற்போம்.’ இத்தீர்மானம் ஊர்ப் பலகையிலே எழுதப்பட்டிருக்குமாயின், குற்றஞ் செய்ய எண்ணுபவன் அதை வாசிப்பான். சொல்லத் துணியாத பிள்ளையும் அதை வாசிக்கும்.